இரவு யாருடையது?

1

பாகோங் என்ற பொம்மையை நான் முதலில் பார்த்தது கைபேசியில், இரண்டு நிமிஷம் ஓடிய ஒரு துண்டில். பாங்கில் மதியச் சாப்பாட்டு நேரம். கவுண்டரை மூடிவிட்டு உள்ளறையில் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோது, நான் தேடாமலே யூட்யூப் அதைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியது. எருமைத் தோலில் வெட்டிய பொம்மை. பானைத் தொந்தி, அகன்ற வாய். வெள்ளைத் திரையின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்த ஒருவர் அதைப் பேசவைக்கிறார். பாட்டுக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். மொழி ஜாவானியம். எனக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த நண்பரிடம் காட்டினேன்; அவரும் சிரித்தார். பிறகு அடுத்த துண்டு வந்தது, அதற்கடுத்தது வந்தது. ஷட்டரைத் தூக்கும் நேரமும் வந்தது.

எதற்குச் சிரித்தோம் என்ற கேள்வி கை கழுவும்போது எழுந்தது. வார்த்தை புரியவில்லை. கதை தெரியாது. அந்தக் குண்டன் யாரிடம் பேசுகிறான், ஏன் பேசுகிறான் என்பதும் தெரியாது. குரலின் ஏற்ற இறக்கத்துக்கும், சிரிக்கிறவர்களைப் பார்த்ததற்கும் சிரித்திருக்கிறோம். ஒருவன் கொட்டாவி விட்டால் மற்றவனும் விடுவதைப்போல. இதை ரசனை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இன்று கலை என்ற பெயரில் நம் கைக்குள் வந்து விழுவதில் பெரும்பகுதி இந்தக் கொட்டாவித் தொற்றுதான். இதைப் பற்றி யோசிக்க ஜாவா எனக்கு உதவியது. யோசித்ததென்னவோ நாஞ்சில் நாட்டைப் பற்றித்தான்.

2

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு, அதே கலைஞரின் முழுநிகழ்ச்சிப் பதிவு ஒன்றை உட்கார்ந்து பார்த்தேன். அவர் பெயர் செனோ நுக்ரோஹோ. யோக்யகர்த்தாக்காரர், 1972-ல் பிறந்து 2020 நவம்பரில் மறைந்தவர். வயாங் கூலித் என்ற தோற்பாவைக் கூத்தை நடத்துகிறவரைத் ‘தலாங்’ என்கிறார்கள். பாவைகளை ஆட்டுவது, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பது, கமெலான் இசைக் குழுவுக்குச் சைகை காட்டுவது எல்லாம் அந்த ஒரு ஆள்தான். இரவு ஒன்பது மணிவாக்கில் தொடங்கினால் விடியும் வரை போகும். இரவை மூன்று பகுதிகளாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி இசை முறை வைத்திருக்கிறார்கள்: நெம், சாங்கா, மன்யுரா. நாழிகை ஏற ஏற சுருதியின் உலகமே மாறுகிறது.

முதல் பகுதி அரச சபை. அசைவு மிகக் குறைவு. ராஜாக்களும் மந்திரிகளும் மெதுவாக, உயர்ந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஜாவாக்காரர்களும் அந்த நேரத்தில் தூங்குவார்களாம், சாப்பிடுவார்களாம், ஊர்க்கதை பேசுவார்களாம். நள்ளிரவை ஒட்டி ‘கோரோ-கோரோ’ என்ற கட்டம் வருகிறது. உலகம் குலுங்குகிறது, கடல் பொங்குகிறது, எரிமலை வாய் திறக்கிறது என்று தலாங் வர்ணிக்கிறார். மலை வடிவத் தோல் உருவம் திரையில் சுழன்று நடுங்குகிறது. அந்தக் குலுக்கல் அடங்கியதும் கோமாளிகள் வருகிறார்கள்: கிழவன் செமார், அவன் மக்கள் காரெங், பெத்ருக், பாகோங். நால்வரும் வீரனுக்கு வேலைக்காரர்கள். வியாசனும் வால்மீகியும் எழுதாதவர்கள். ஆனால் செமார் ஆதியில் ஒரு தேவன் என்பது ஜாவானிய நம்பிக்கை. உலகம் குலுங்கி முடிந்த இடத்தில் ஒரு வேலைக்காரன் வந்து நிற்கிறான், அவன் உள்ளுக்குள் தெய்வம். இப்படி ஒரு கற்பனையைச் செய்ய ஒரு ஜனசமூகத்துக்கு எத்தனை நூற்றாண்டு பிடித்திருக்கும்!

மூன்று மணி நேரம் கண்ணியத்தைத் தாங்கிக் களைத்திருந்த என் முன் பாகோங் வந்தான். அதே தொந்தி, அதே வாய். அதே மாதிரித்தான் பேசினான், எனக்குப் புரியாத மொழியில்தான். ஆனால் இப்போது வந்த சிரிப்பு வேறு. இத்தனை நேரமும் ராஜாக்கள் பேசிய பேச்சுக்கு இவன் பதில் சொல்கிறான் என்பது மொழி தெரியாதவனுக்கும் எட்டியது. அவர்கள் பேச்சு மேலே மேலே போயிற்று. இவன் பேச்சு தரையில் உட்காருகிறது. சாப்பாட்டு நேரத்தில் நான் பார்த்தது இந்தப் பதிலின் ஒரு துணுக்கு. கேள்வியைக் கேட்காமல் பதிலுக்குச் சிரித்திருக்கிறேன்.

3

பாகோங்கைப் பார்த்ததும் எனக்கு உச்சிக்குடும்பன் ஞாபகம் வராமல் இருந்திருக்க முடியாது. கன்னியாகுமரி மாவட்டத் தோல்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் பாவைகள் ஆட்டுத் தோல். இங்கும் ஒரே ஆள்தான் எல்லாக் குரலும். இங்கும் ராமாயணம், பத்து நாள் நடக்கும். இங்கும் கம்பன் எழுதாத இரண்டு கோமாளிகள்.

சிறு வயதில் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு ஊரில் பாட்டா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய ஒரு இரவு நினைவில் இருக்கிறது. அன்று பட்டாபிஷேகத்துக்கு நாள் குறிக்கும் கட்டம். தசரதன் உத்தரவை ஊருக்குச் சொல்லத் தண்டோராக்காரர்களாக இவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். வந்தவர்கள் தண்டோரா போடாமல் கூலிக்குச் சண்டை போட்டார்கள். யார் கொட்டுவது, யார் கத்துவது, யாருக்கு எத்தனை படி நெல். கடைசியில் எல்லாம் பேசி முடித்து, ‘நாளைக்கு ராமனுக்கு முடிசூட்டு’ என்று உச்சிக்குடும்பன் உரக்கக் கூவினான். கூட்டம் சிரித்து ஓய்ந்திருந்த நேரம். பாட்டா மட்டும் மெதுவாக, “எங்க நடக்கப் போவுது” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாளைக்கு என்ன நடக்கும் என்பது கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கூவியவனுக்கு மட்டும் தெரியாது. அவன் கேட்ட கூலி அவனுக்குக் கிடைக்கப்போவதில்லை.

இன்று அந்தக் கூலிச் சண்டையை மட்டும் யாராவது வெட்டி இரண்டு நிமிஷத் துண்டாகப் போட்டால் நன்றாக ஓடும். அதில் ஹாஸ்யம் இருக்கிறது, வட்டாரப் பேச்சின் ருசி இருக்கிறது. ஆனால் கைகேயி இருக்க மாட்டாள். அவள் இல்லாத உச்சிக்குடும்பன் வெறும் கோணங்கி. அதைவிட மோசமாகவும் ஆகிவிடுவான். குடும்பன் என்பது வயலில் உழைத்த ஒரு ஜாதியாரின் பட்டப்பெயர் என்பதை மறந்துவிடக் கூடாது. முழு இரவில் அவன் ராஜாங்கத்தின் உத்தரவுக்கே கூலி பேரம் பேசுகிறவன். அரண்மனையைப் பார்த்து வாய் திறக்கத் துணிந்த ஒரே பிரஜை. துண்டில் அவன் ஒரு ஜாதியைக் கேலி செய்ய உதவும் சொட்டைத் தலை. வெட்டும் கத்தரி அர்த்தத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை, தலைகீழாகவும் ஆக்கிவிடுகிறது.

4

இந்த இடத்தில் வழக்கமான ஒப்பாரியை நான் தொடங்கப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். யந்திரம் கலையைக் கொன்றுவிட்டது என்பது சோம்பேறிகளின் விமர்சனம். ஜாவாவின் சரித்திரமே அதை மறுக்கிறது. நார்த்தோசப்தோ என்ற பெரிய தலாங் (1925–1985) எழுபதுகளில் முழு இரவுக் கூத்துகளைக் கேசட்டுகளில் கொடுத்தார். ஒரு கதை பல கேசட்டுகள் கொண்ட ஒரு கட்டு. பாவையும் இல்லை, நிழலும் இல்லை, குரலும் கமெலானும் மட்டும். ஆனால் இரவு அப்படியே இருந்தது. மந்தெப் சுதர்சோனோ (1948–2021) பாவையை ஆட்டும் வேகத்துக்குப் பேர்போனவர். தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் தலைவலி மாத்திரை விளம்பரத்திலும் வந்தார். அதனால் அவர் கை வேகம் குறைந்துவிடவில்லை. செனோ நுக்ரோஹோ தம் நிகழ்ச்சிகளை இணையத்தில் நேரலையாக, தொடக்கம் முதல் விடியல் வரை கொடுத்தார். 2020-ல் பெருந்தொற்று வந்து கூட்டம் கூடக் கூடாது என்றானபோது சின்னக் குழுவை வைத்துக்கொண்டு ஆடி நேரலை செய்தார். பாகோங்குக்கு அவர் கொடுத்த இடம் அதிகம். கோமாளிப் பகுதி நீண்டுகொண்டே போகிறது என்று இன்றைய தலாங்குகளைப் பற்றிச் சம்பிரதாயவாதிகள் முணுமுணுப்பதுண்டு. அது அவர்கள் வீட்டுச் சண்டை. எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே துண்டுக்குப் பின்னால் இரவு இருக்கிறது என்பதுதான். துண்டைப் பார்த்து ஏமாந்த என்னைப்போன்ற ஒருவன் விரும்பினால் இரவுக்குள் போகலாம். நான் போனேன்.

நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்துக்கும், நாடகத்திலிருந்து சினிமாவுக்கும் போனவர். 1949-ல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தன் சிதம்பரம் போக ஏங்கியதைப்போல் கிந்தன் படிக்கப் பட்டணம் போக ஏங்குகிறான். சினிமாவுக்குள் சில நிமிஷம் வருகிற ஒரு துண்டுதான். ஆனால் பார்த்த ஜனங்களுக்கு நந்தன் கதை தெரியும், கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகள் காதில் இருந்தன. காலட்சேபக்காரர்கள் கட்டிவைத்த இரவுகளின் மேல் கால் ஊன்றி நின்றுதான் கிருஷ்ணன் சிரிக்கவைத்தார். கோயிலுக்கு வெளியே நின்றவனின் கதையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றவனின் கதையாக மாற்றினார். பழைய கதையைத் தெரிந்தவனுக்குத்தான் அந்த மாற்றத்தின் கூர்மை தைக்கும். இன்று அந்தத் துண்டையும் கைபேசியில் பார்க்கலாம். நந்தனைத் தெரியாத பையன் ஒருவன் அதைப் பார்த்தால் வேடிக்கையான ராகம் ஒன்றைத்தான் கேட்பான். கிருஷ்ணன் மேல் பிழை இல்லை, கருவி மேலும் இல்லை.

பாட்டுக்கு இந்தச் சங்கடம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தோனேஷியாவின் ஜனரஞ்சக சங்கீதமான ‘டங்டுட்’, தபேலா மாதிரியான ஒரு முழவின் சத்தத்தையே பெயராகக் கொண்டது. நம் இந்தி சினிமா மெட்டுகளைத் தாராளமாகத் தின்று வளர்ந்தது. எழுபதுகளில் ரோமா இராமா அதோடு எலெக்ட்ரிக் கிட்டாரைச் சேர்த்து மைதானங்களை நிரப்பினார். 2011-ல் கொரொந்தாலோவில் நோர்மன் கமாரு என்ற போலீஸ்காரர் உடுப்போடு உட்கார்ந்து ‘சைய்ய சைய்ய’ பாட்டுக்கு வாயசைத்து ஆடிய வீடியோ அந்தத் தேசத்தையே பிடித்து ஆட்டியது. 1998-ல் ‘தில் சே’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் அமைத்த மெட்டு. ‘உயிரே’ என்ற தமிழ் வடிவத்தில் நாம் எல்லோரும் கேட்டது. அந்தப் போலீஸ்காரருக்கு மணிரத்னம் படத்தின் கதை தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. பாட்டு தன்னளவில் முழுசு. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் முளைக்கும். இணைய வீடியோ என்பது பாட்டுக்கென்றே செய்ததுபோன்ற வடிவம். கோமாளி பாட்டு அல்ல. அவன் ஒரு பெரிய உருவத்தின் நிழல். இரண்டையும் ஒரே அளவில் வெட்டி ஒரே சந்தையில் போடும்போது பாட்டு பிழைத்துக்கொள்கிறது, கோமாளி செத்துப்போகிறான்.

5

அப்படியானால் ஜாவாவில் இரவு தங்கியதற்கும் நம்மிடம் தங்காமல் போனதற்கும் காரணம் என்ன? கலை உன்னதம், பாரம்பரியம் என்ற பெரிய வார்த்தைகளை ஒதுக்கிவிட்டு, பாங்கு குமாஸ்தாவின் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இரவுக்குக் காசு கொடுத்தது யார்?

ஜாவாவில் கல்யாணம், சுன்னத்து, ஊர்ச் சுத்திச் சடங்கு என்று ஏதோ ஒரு நிமித்தம் வரும். ஒரு வீட்டுக்காரரோ ஊரோ தலாங்கை அழைத்து முழு இரவுக்கும் காசு கொடுக்கிறார்கள். பார்க்க வருகிறவன் காசு கொடுக்க வேண்டாம். பாதியில் தூங்கலாம், எழுந்து போகலாம், கோமாளிக்கு மட்டும் விழித்துக்கொள்ளலாம். அவன் தூங்கினாலும் கூத்து குறைவதில்லை. ஏனென்றால் அந்த இரவு வேறொருவருடையது.

பக்கத்தில் பாலக்காட்டைப் பாருங்கள். அங்கே தோல்பாவைக்கூத்து பகவதி கோயில் கூத்துமாடத்தில் நடக்கிறது. பாடுவது கம்பராமாயணம், நம் தமிழில். ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகனோடு சண்டையில் இருந்ததால் அதைப் பார்க்க முடியவில்லை, அவளுக்காகத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். ஆகவே திரைக்கு முன்னால் ஒரு மனிதன்கூட இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். அந்த இரவு தேவியுடையது.

நம் நாஞ்சில் நாட்டுத் தோல்பாவைக்காரர்களுக்கு இந்த இரண்டு பாக்கியமும் இல்லை. அவர்கள் மண்டிகர், வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள், ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டவர்கள். கோயிலில் அவர்களுக்கு உரிமை இல்லை, ஊரில் காணி இல்லை. டிக்கெட்டாகவோ நெல்லாகவோ பார்வையாளன் கொடுத்ததுதான் வரும்படி. அவர்களுடைய இரவு பார்வையாளனை மட்டுமே நம்பியிருந்தது. அவன் கையில் இருந்த அதே காசைக் கேட்டு எதிரே டூரிங் டாக்கீஸ் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது அழகியல் பிரச்சினை அல்ல, கணக்கு. பத்து நாள் ராமாயணம் சுருங்கிச் சுருங்கி அரசு விழா மேடையில் இருபது நிமிஷமாயிற்று. அ.கா. பெருமாள் போன்றவர்கள் தேடிப்போய்க் கதைகளையும் கலைஞர்களின் வாழ்வையும் பதிவு செய்திராவிட்டால் இவ்வளவுகூட நமக்குத் தெரிந்திருக்காது. இணையம் வருவதற்கு வெகு முன்பே நாம் உச்சிக்குடும்பனைத் துண்டாக்கிவிட்டோம். பொன்னாடை போர்த்தி, ‘நேரமாயிற்று, முடித்துக்கொள்ளுங்கள்’ என்று சீட்டு அனுப்பிய விழாக் கமிட்டிகள்தான் முதல் கத்தரி.

இதற்கு எதிர்சாட்சியாக அதே மண்ணில் வில்லுப்பாட்டு நிற்கிறது. சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் கொடை நடக்கும் வரை வில் கட்டித்தான் ஆகவேண்டும். போன வருஷம் ஒரு கொடையில் பார்த்தேன். அண்ணாவிக்கு எதிரே முக்காலியில் நிறுத்திய கைபேசி; நேரலை. துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற ஊர்ப் பையன்கள் பார்க்கிறார்கள் என்றார்கள். எனக்குச் சந்தேகம் இருந்தது, கைபேசிக்காகப் பாட ஆரம்பித்துவிடுவாரோ என்று. ஆனால் கதை தெய்வம் பிறந்து வளர்ந்து வரம் வாங்கும் இடத்துக்கு நெருங்கியபோது அவர் கைபேசியையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. சாமியாடியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் துடிக்கத் தொடங்கியதும் வீசுகோலின் வேகம் ஏறியது, குடமும் உடுக்கையும் கூடின. அருள் இறங்கும் வரை அந்த அடிகளை அவர் விடவில்லை. எத்தனை நிமிஷம் என்று யாரும் எண்ணவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவரிடம் வீடியோவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். “அது கெடக்கட்டும் வே. அது பாட்டுக்குப் பாக்கும். சாமிக்கில்லா பாட்டு?” என்றார்.

என்னால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கேமராவைக் கொண்டுவரலாம், ஆனால் இரவு அதனுடையதாகிவிடக் கூடாது. வில்லுப்பாட்டில் கேமரா ஒரு ஓரமாக நின்று எட்டிப் பார்க்கிற விருந்தாளி. நாம் கைபேசியில் பார்க்கும் பெரும்பாலான துண்டுகளில் அது வீட்டுக்காரன். அவனுக்காகவே எல்லாம் நடக்கிறது. அவனோ பொறுமை இல்லாதவன்.

6

இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்பார்கள். தெய்வ நம்பிக்கைதான் வழி என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்கே அவ்வளவாகக் கிடையாது. எல்லாக் கலையையும் கோயிலுக்குள் திருப்பி அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. கிந்தனாருக்குக் கோயில் தேவைப்படவில்லை. கொடையிலும் குறை உண்டு: எந்த ஜாதியின் கோயில், யார் எங்கே நின்று கேட்கலாம் என்ற கணக்கு அந்த இரவுக்குள்ளும் இருந்திருக்கிறது. தோல்பாவைக் கொட்டகையில் காசு கொடுத்தவன் எல்லாம் உட்கார்ந்தான். நாம் இழந்தது அந்தப் பொது இரவை. இழப்பின் கனம் அதில்தான் இருக்கிறது.

ஆனால் விமர்சனம் என்ற பெயரில் எழுதுகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். வீடியோவின் அடியில் ஓடும் எண்ணைக் கண்டு மயங்காமல் இருக்கலாம். நாள் முழுக்க எண்ணுவது என் தொழில். நோட்டுக் கட்டில் எத்தனை தாள் என்பதை எண்ணிச் சொல்லலாம்; அதை வைத்து வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற செய்தி, எத்தனை பேர் கைகேயியை எதிர்பார்த்துக்கொண்டு சிரித்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. ஒரு துண்டைப் பற்றி எழுதும் முன், அது எந்த இரவிலிருந்து வெட்டப்பட்டது, அந்த இரவு இப்போது எங்கேனும் நடக்கிறதா, நடத்துகிறவனுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்வியும் இல்லாத நாட்டார் கலை அபிமானத்தின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. சில பேராசிரியர்கள் கருத்தரங்கில் பாவையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். சில சேனல்காரர்கள் கைபேசியில் தூக்கிக் காட்டுகிறார்கள். ஆட்டுகிற கை கண்ணில் படவில்லை என்பதில் இருவரும் ஒன்றுதான்.

இப்போதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாகோங் வருகிறான். சிரிக்கிறேன். ஆனால் அவன் பின்னால் இருட்டில் ஒரு அரச சபை உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். உச்சிக்குடும்பன் அபூர்வமாக வருகிறான். தண்டோரா போடுகிறான், ‘நாளைக்கு முடிசூட்டு’ என்று. ‘எங்க நடக்கப் போவுது’ என்று சொல்ல, பார்க்கிற பையன் பக்கத்தில் பாட்டா இல்லை. அந்தப் பையனுக்கு மிச்சக் கதையைச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. சொல்லாவிட்டால் அவன் சிரித்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போவான். அவனைக் குறை சொல்ல நமக்கு வாய் இருக்காது.